நேற்றுப் போட்ட கணக்கு இன்று ஏன் வரவில்லை?

வாசகர் கடிதமும் மனநல மருத்துவரின் பதிலும்

குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு. கணக்கில் காலாண்டுத் தேர்வில் 84, அரையாண்டில் 41. நடுவில் டியூஷனில் வைத்த தேர்வுகளில் ஒரு வாரம் 90-ஐத் தாண்டுகிறான், அடுத்த வாரம் 38-ல் நிற்கிறான். ராத்திரி அம்மாவின் கண்முன்னாலேயே சரியாகப் போட்ட கணக்கை, மறுநாள் பள்ளியில் தப்பாகப் போட்டுவிட்டு வருகிறான். விடைத்தாளில் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது, கேள்வி எண் மாறியிருக்கிறது, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அப்பா, “முடியாதவன்னா நேத்து மட்டும் எப்படி முடிஞ்சுது? எல்லாம் திமிரு” என்கிறார். இரண்டு மூன்று முறை கை நீட்டியும் விட்டார். பள்ளியிலும் “புத்தி இருக்கு, அக்கறை இல்லை” என்று சொல்லி, ஒருநாள் வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்திருக்கிறார்கள். ஆனால் போனில் கேம் என்றால் மூன்று மணி நேரம் அசையமாட்டான்.

காலை ஐந்து மணி டியூஷனுக்காக நாலேகாலுக்கு எழுகிறான். படுக்கப் பதினொன்றரை ஆகிறது. ஒரு மையத்தில் கைரேகையை வைத்து மூளைத் திறனைச் சொல்கிறோம் என்றதை நம்பிப் பணம் கட்டியிருக்கிறார்கள். இன்னோர் இடத்தில் கம்ப்யூட்டரில் கவனத் தேர்வு வைத்து முதல்முறை ‘சராசரிக்கு மேல்’ என்றும், மூன்று வாரம் கழித்து ‘கவலைக்குரிய நிலை’ என்றும் தாள் கொடுத்திருக்கிறார்கள். இரண்டில் எது உண்மை? நர்ஸாக இருக்கும் உறவினர் ஒருவர் இது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் கோளாறாக இருக்கலாம் என்கிறார். அப்படியானால் மாத்திரைக்கு அடிமையாகிவிடுவானா, மனநோயாளி என்று முத்திரை விழுமா, பேசாமல் பதினோராம் வகுப்புக்கு விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடலாமா, நான் வளர்த்த விதம்தான் தப்பா என்று அடுக்கடுக்காகக் கேட்கிறார்.

அம்மா, உங்கள் கேள்விகளுக்குப் போவதற்கு முன்னால், நீங்கள் மூன்றாம் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருந்த ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். அப்பா அடித்த அன்று ராத்திரி “நான் ஒரு தண்டம், நான் இல்லைன்னா உங்களுக்கு நிம்மதி” என்று அவன் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் சொன்னான் என்று கடந்து போய்விடாதீர்கள். இன்றைக்கே, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, “செத்துப்போகணும்னு உனக்குத் தோணுதாப்பா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்பது பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அதுவரை அவனைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரை போன்றவற்றை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். எந்த நேரமும் பேசுவதற்கு அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். அரசு மருத்துவ உதவி எண்ணான 104-லும் ஆலோசனை கிடைக்கும். 

முடிந்தது என்பது எதற்குச் சான்று?

உங்கள் கணவரின் கேள்வி நியாயமான கேள்விதான். நேற்று முடிந்தது இன்று ஏன் முடியவில்லை? பெரும்பாலான பெற்றோர் இதற்கு ஒரே பதில்தான் இருக்க முடியும் என்று நினைக்கிறார்கள்: அவனுக்கு மனமில்லை. நான் மறுப்பது இந்தப் பதிலைத்தான். நேற்று முடிந்தது, அந்தக் கணக்கு அவனுக்குத் தெரியும் என்பதற்குச் சான்று. தெரிந்ததை வேண்டிய நேரத்தில், வேண்டிய இடத்தில் எடுத்துக் கொடுக்க ஒவ்வொரு முறையும் முடியும் என்பதற்கு அது சான்றாகாது. இந்த இரண்டும் மூளையில் வேறு வேறு வேலைகள்.

கவனக் கோளாறு உள்ள பிள்ளைகளைச் சோதனைக்கூடத்தில் உட்கார வைத்து, திரையில் ஓர் எழுத்து வரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்லிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லா முறையும் மெதுவாக அழுத்துவதில்லை. பெரும்பாலான நேரம் மற்ற பிள்ளைகளைப் போலவே வேகமாகத்தான் அழுத்துகிறார்கள். நடுநடுவே திடீரென்று ஒரு முறை மிகவும் தாமதமாகிறது, அப்புறம் மறுபடி சரியாகிறது. 2013-ல் 319 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்விலும் இதுவே வந்தது: அந்த நீண்ட தாமதங்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் இந்தப் பிள்ளைகள் மெதுவானவர்களே அல்ல. அவர்களை வேறுபடுத்திக் காட்டியது சீரின்மைதான்.

நாம் கற்பனையில் ஆழ்ந்திருக்கும்போதும் எதையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதும் மூளையில் ஒரு வலைப்பின்னல் சுறுசுறுப்பாகிறது. வேலையில் இறங்கியதும் அது அடங்க வேண்டும். கவனக் கோளாறில் அது முழுதாக அடங்காமல் அவ்வப்போது குறுக்கிட்டு, செய்துகொண்டிருக்கும் வேலையிலிருந்து ஆளைச் சில நொடிகள் இழுத்துவிடுகிறது என்று 2007-ல் எட்மண்ட் சோனுகா-பார்க், பிரான்சிஸ்கோ காஸ்டெல்லானோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை வைத்தார்கள். இது இன்னும் கருதுகோள்தான். ஆனாலும் உங்கள் மகனின் விடைத்தாள் இதோடு பொருந்துகிறது. முறை தெரியாதவன் போடும் தப்பு வேறு மாதிரி இருக்கும். இவன் முறையைச் சரியாக எழுதிவிட்டு நடுவில் ஒரு குறியை விடுகிறான். சில நொடி விலகல் போதும், அந்தக் கழித்தல் குறி போய்விடும். அதோடு ஐந்து மதிப்பெண்ணும் போய்விடும்.

அதனால்தான், அம்மா, கம்ப்யூட்டர் தேர்வில் வந்த இரண்டு முடிவுகளில் எது உண்மை என்று கேட்டால், இரண்டுமே உண்மையாக இருக்கலாம் என்பேன். இரண்டையும் கூட்டிச் சராசரி போட்டாலும் ஒன்றும் தெரியாது. பாலாற்றில் ஆண்டுக்குச் சராசரியாக இவ்வளவு நீர் ஓடியது என்று ஒருவர் கணக்குச் சொன்னால், 2021 நவம்பர் வெள்ளமும் அதில் தெரியாது, மாதக்கணக்கில் கிடக்கும் வெறும் மணலும் தெரியாது. உங்கள் மகன் விஷயத்தில் மதிப்பெண் எவ்வளவு என்பதைவிட அது எவ்வளவு அகலமாக ஏறி இறங்குகிறது, எந்த நேரத்தில் இறங்குகிறது என்பதுதான் மருத்துவரான எனக்குத் தகவல்.

கேமில் மூன்று மணி நேரம் அசையாமல் இருக்கிறானே என்கிறீர்கள். கேமில் ஒவ்வொரு சில நொடிக்கும் புதிதாக ஏதோ நடக்கிறது, தப்புச் செய்தால் உடனே தெரிகிறது, சரியாகச் செய்தால் உடனே பரிசு. வெளியிலிருந்து அவன் கவனத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது அந்த விளையாட்டு. பாடப்புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. கவனத்தை அவனேதான் உள்ளிருந்து பிடித்து வைக்க வேண்டும். அவனுக்குச் சிரமமாக இருப்பது அந்த வேலை. ஆகவே கேம் விளையாட முடிவதை வைத்துக் கவனக் கோளாறு இல்லை என்று முடிவு கட்ட முடியாது.

சரி, இது ஏ.டி.எச்.டி.தானா?

கடிதத்தை மட்டும் வைத்து நான் அப்படிச் சொல்லமாட்டேன். யாரும் சொல்லக்கூடாது. முன்பு சொன்ன அதே தொகுப்பாய்வில் இன்னொரு செய்தியும் உண்டு: வேறு மனநலச் சிக்கல்கள் உள்ள பிள்ளைகளிடமும் இந்தச் சீரின்மை ஏறக்குறைய அதே அளவில் காணப்பட்டது. பதற்றம், மனச்சோர்வு, கற்றல் குறைபாடு, தூக்கக் குறைவு என்று எதிலும் இது வரலாம். பதின்வயதில் எல்லாப் பிள்ளைகளிடமும் பெரியவர்களைவிட ஏற்ற இறக்கம் கொஞ்சம் அதிகம். மூளை முதிர முதிர அது குறையும்.

முதலில் தூக்கத்தைப் பாருங்கள். பதினொன்றரைக்குப் படுத்து நாலேகாலுக்கு எழுந்தால் ஐந்து மணி நேரம்கூட இல்லை. 13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. அதோடு, பருவ வயதில் உடலின் உள்கடிகாரமே பின்னால் நகர்கிறது; ஒன்பது மணிக்குப் படு என்றால் தூக்கம் வராது. ஊரில் எல்லாப் பிள்ளையும் ஐந்து மணி டியூஷனுக்கு சைக்கிள் மிதிக்கிறதே என்பீர்கள். மிதிக்கிறது, தெரியும். அது தப்பு என்பது என் உறுதியான கருத்து. நன்றாக இருக்கும் பிள்ளைக்கே ஐந்து மணி நேரத் தூக்கத்தில் கவனம் நழுவும். கவனத்தில் ஏற்கெனவே சிரமம் உள்ள பிள்ளைக்கு அது இரட்டை அடி. அந்தக் காலை டியூஷனை நிறுத்துங்கள், அல்லது சாயங்காலத்துக்கு மாற்றுங்கள். ராத்திரி போனை உங்கள் அறையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் இப்படிப் போகட்டும். மதிப்பெண்ணின் ஏற்ற இறக்கம் கணிசமாகக் குறைந்தால் நமக்குப் பாதி விடை கிடைத்துவிடும். அதற்காக மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். நாள் குறித்துவிட்டு இதைச் செய்யுங்கள்.

அடுத்து, இரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று சாதாரண இரத்தப் பரிசோதனை. பார்வை, செவித்திறன். பேச்சு நடுவில் சில நொடி வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் தெரியாமல் இருந்துவிட்டு, நடந்ததே நினைவில்லாமல் தொடர்கிறானா என்பதைக் கவனியுங்கள். அது ஒருவகை வலிப்பாக இருக்கக்கூடும். அந்தச் சந்தேகம் இருந்தால் மட்டும்தான் மூளை மின்பதிவான இ.இ.ஜி. தேவைப்படும்.

இவற்றுக்கெல்லாம் அப்பாலும் ஏ.டி.எச்.டி. பக்கம் என்னைத் திருப்புவது, நீங்கள் இணைத்திருந்த மூன்றாம் வகுப்பு நோட்டின் படம். சிவப்பு மையில் ‘கவனம் தேவை’ என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறார் அந்த ஆசிரியை. இந்தக் கோளாறு பதினைந்து வயதில் திடீரென்று தொடங்குவதில்லை. 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஆறு, ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கை அதனால் பாதிக்கப்பட வேண்டும். பழைய நோட்டுகள், ரேங்க் கார்டுகள், ஆசிரியர் எழுதிய குறிப்புகள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். எங்களுக்கு அவை எந்த ஸ்கேனையும்விடப் பயன்படும்.

ஸ்கேன் என்றதும் ஒன்று. ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்ய இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் பிள்ளையிடமும் விரிவாகப் பேசி, கேள்விப் பட்டியல்களை நிரப்பச் சொல்லித்தான் முடிவுக்கு வருகிறோம். கம்ப்யூட்டர் கவனத் தேர்வு துணைச் சான்று மட்டுமே. கைரேகைச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை எதுவுமே இல்லை. அந்தத் தாளை அவன் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். அதில் ‘கணிதத் திறன் குறைவு’ என்று போட்டிருப்பதை அவன் நம்பிவிடக் கூடாது.

யார் தப்பு?

நீங்கள் டி.வி. பார்த்ததாலோ, அவனுக்குச் சின்ன வயதில் போன் கொடுத்ததாலோ வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். 1902-லேயே லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி விரிவுரை ஆற்றியிருக்கிறார். அப்போது போனும் இல்லை, டி.வி.யும் இல்லை. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளின்படி, இந்தக் கோளாறில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 70 முதல் 80 விழுக்காடு வரை மரபு சார்ந்தது. குறைமாதப் பிரசவம், பிறக்கும்போது எடை குறைவு போன்றவையும் ஆபத்தைக் கூட்டும். உலக அளவில் பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறக்குறைய 5 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. 40 பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர்.

வளர்ப்பு இதை உண்டாக்குவதில்லை. ஆனால் இதோடு வளரும் பிள்ளை தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்கிறது என்பதை வளர்ப்புதான் தீர்மானிக்கிறது. அடியும் வசவும் கவனத்தை ஒரு துளி கூட்டாது. ‘நான் ஒரு தண்டம்’ என்ற வார்த்தை எங்கிருந்து வந்தது என்று வீட்டில் உட்கார்ந்து யோசியுங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியதையும் படித்தேன். வண்டிச் சாவியைத் தினமும் தேடுகிறார், எதையும் தொடங்கிவிட்டுப் பாதியில் விடுகிறார், கோபம் சட்டென்று வரும், சட்டென்று போகும் என்கிறீர்கள். அவருக்கும் இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் அவர் எப்படி இருந்தார் என்று ஒருநாள் நிதானமாகக் கேட்டுப் பாருங்கள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லாமல் கேளுங்கள். “எனக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு, எங்க நைனா பின்னி எடுத்துட்டாரு” என்று பல அப்பாக்கள் என் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொன்ன பிறகு மகன்மேல் அவர்கள் வைக்கும் பார்வை மாறியதையும் பார்த்திருக்கிறேன். முதல் சந்திப்புக்கு அவரையும் கட்டாயம் அழைத்து வாருங்கள்.

மாத்திரையைப் பற்றிய பயம்

பரிசோதனையில் உறுதியானால் மாத்திரையைப் பற்றிப் பேச வேண்டி வரலாம். மெத்தில்பெனிடேட் என்பது உலகெங்கும் பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ள மருந்து. இது தூக்க மாத்திரை இல்லை. சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, வகையைப் பொறுத்துச் சில மணி நேரம் நீடித்து, அன்றைக்கே உடலைவிட்டு நீங்கும். சோதனைக்கூடத்தில் தெரிந்த அந்தத் தாமதங்களையும் சீரின்மையையும் இவ்வகை மருந்துகள் குறைக்கின்றன.

அடிமையாகிவிடுவானா? மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன விதத்தில் சாப்பிடும் ஏ.டி.எச்.டி. பிள்ளைக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. இந்தச் சிகிச்சை பிற்காலப் போதைப் பழக்கத்தைக் கூட்டுகிறது என்பதற்கும் ஆதாரம் இல்லை. தவறாகப் பயன்படுத்தினால் ஆபத்து உண்டு, அதனால்தான் இந்தியாவில் இது போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது, சீட்டு இல்லாமல் தரமாட்டார்கள். கடைக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் பயந்துவிடாதீர்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: பரீட்சைக்கு உதவும் என்று நண்பனுக்கு ஒரு மாத்திரைகூடக் கொடுக்கக் கூடாது. மருந்து உங்கள் கையில் இருக்கட்டும்.

பக்கவிளைவுகளை மறைக்கமாட்டேன். பசி குறையும், மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வரலாம், அதனால் காலையில் நன்றாகச் சாப்பிட வைத்துவிட்டு மாத்திரை கொடுப்போம். தூக்கம் தள்ளிப்போகலாம். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சற்றுக் கூடலாம். உயரம், எடை இரண்டையும் தொடர்ந்து அளப்போம். குடும்பத்தில் இளவயதில் யாராவது திடீரென்று இறந்திருந்தால், இதயக் கோளாறு இருந்திருந்தால், முதல் நாளே சொல்லிவிடுங்கள். இந்த மருந்து ஒத்துவராதவர்களுக்கு அடோமாக்செட்டின் இருக்கிறது. அது மெதுவாக வேலை செய்யும், பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். தொடங்கும்போது சில பதின்வயதினருக்குத் தற்கொலை எண்ணம் தலைதூக்கலாம் என்ற எச்சரிக்கை அதற்கு உண்டு. உங்கள் மகன் அன்றிரவு சொன்ன வார்த்தையை வைத்துப் பார்த்தால், அதைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நான் இரண்டு முறை யோசிப்பேன்.

மாத்திரை வேண்டவே வேண்டாம் என்று முடிவெடுக்கவும் உங்களுக்கும் அவனுக்கும் உரிமை இருக்கிறது. 15 வயதுப் பையன், அவன் கருத்தையும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் மாத்திரைக்கு மட்டும் பக்கவிளைவு உண்டு, சும்மா விட்டால் ஒன்றும் ஆகாது என்று நினைக்க வேண்டாம். பல ஆண்டுகள் திட்டு வாங்கி, படிப்பை விட்டு, தன்மேல் நம்பிக்கை போய் வந்து நிற்கும் இளைஞர்களையும் நான் பார்க்கிறேன்.

பொதுத்தேர்வுக்குள் என்ன செய்யலாம்?

பாடத்தை இன்னும் நான்கு முறை படிக்க வைப்பதால் இவனுக்குப் பெரிய லாபமில்லை, பாடம் தெரிகிறது. நழுவும் இடங்களை அடைக்க வேண்டும். இருபது இருபத்தைந்து நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது என்று பிரித்துக்கொள்ளட்டும். மனதுக்குள் படிக்காமல் எழுதியோ வாய்விட்டுச் சொல்லியோ படிக்கட்டும். தேர்வில் கேள்வித்தாள் படிக்கக் கொடுக்கும் பத்து நிமிடத்தில் கடைசிப் பக்கம் வரை திருப்பிப் பார்ப்பதை இப்போதே ஒவ்வொரு மாதிரித் தேர்விலும் பழக்குங்கள். ஒவ்வொரு கணக்கையும் முடித்ததும் அடுத்ததற்குப் போகாமல், குறி, கேள்வி எண், அலகு என்ற மூன்றை மட்டும் விரல் வைத்துச் சரிபார்க்கட்டும். ‘கவனமாகப் பார்’ என்ற அறிவுரையால் அவனுக்குப் பயனில்லை. எதை, எப்போது பார்க்க வேண்டும் என்பதுதான் தெரிய வேண்டும்.

ஒரு சின்ன நோட்டுப் போடுங்கள். தினமும் இரண்டு வரி போதும்: எத்தனை மணிக்குத் தூங்கினான், எழுந்தான், எந்த நேரத்தில் எதைப் படித்தான், எப்படிப் போனது. அவனே எழுதினால் இன்னும் நல்லது.

பள்ளியும் உங்கள் உரிமைகளும்

பள்ளியில் சொல்வதா வேண்டாமா என்று தயங்குகிறீர்கள். பரிசோதனை முடியும்வரை நோயின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. தலைமையாசிரியரிடம் “இவனுக்கு மருத்துவப் பரிசோதனை நடக்கிறது, முன் பெஞ்சில், ஜன்னலுக்குத் தள்ளி உட்கார வையுங்கள், வீட்டுப்பாடத்தை எழுதிக்கொண்டானா என்று ஒருமுறை பாருங்கள்” என்று கேட்டாலே போதும். முட்டி போட வைத்ததைப் பற்றி எழுத்தில் கேளுங்கள். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடைசெய்கிறது. அந்தச் சட்டம் 14 வயது வரைக்கும்தானே என்று யாராவது சொன்னால், தமிழ்நாட்டின் கல்வி விதிகளிலேயே உடல் தண்டனைக்கு இடமில்லை என்று சொல்லுங்கள். சண்டையாக வேண்டாம், தெளிவாகக் கேளுங்கள். கேட்டும் தொடர்ந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் பேசலாம்.

ஏ.டி.எச்.டி. என்றால் பொதுத்தேர்வில் சலுகை கிடைக்கும் என்று உங்கள் உறவினர் சொன்னதை முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-ன் பட்டியலில் 21 வகைகள் உள்ளன. அதில் டிஸ்லெக்சியா (எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம்) போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடு இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை. தமிழ்நாட்டுப் பொதுத்தேர்வில் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றிதழோடு தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கவனக் கோளாறு உள்ள பிள்ளைகளில் கணிசமானவர்களுக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருப்பதால், பரிசோதனையின்போது அதையும் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் உடனே விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் சலுகையை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள்.

முத்திரை பற்றி: மாற்றுச் சான்றிதழிலோ மதிப்பெண் பட்டியலிலோ இது ஏறாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன்படி, சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டியது எங்கள் கடமை.

எங்கே போவது என்றால், அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, செலவு இல்லை. பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்தில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கென்றே தனிப் பிரிவு உண்டு. முன்கூட்டியே நாள் வாங்கிக்கொண்டு போங்கள்.

உங்கள் மகன் இதைப் படிப்பான் என்று எழுதியிருந்தீர்கள். தம்பி, கடைசிப் பக்கத்தை நீ வேண்டுமென்று விடவில்லை என்று எனக்குத் தெரியும். உனக்கு மூளை இல்லை என்றும் இதற்கு அர்த்தம் இல்லை. கவனக் கோளாறு உள்ள பிள்ளைகளின் மூளைப் புறணி என்ற மேலடுக்கு வளரும் வரிசை மற்றவர்களுடையதைப் போலவே இருக்கிறது, சராசரியாக மூன்று ஆண்டு தாமதமாக உச்சத்தை எட்டுகிறது என்று 2007-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உனக்கு அந்தக் கோளாறு இருக்கிறதா இல்லையா என்பதை நாம் சேர்ந்து பார்ப்போம். வரும்போது எந்த நேரத்தில் உனக்குப் படிப்பு நன்றாக ஏறுகிறது, எப்போது விட்டுப்போகிறது என்று நீயே யோசித்துச் சொல்லு. அது உன்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அம்மா, இன்னும் இரண்டு விஷயம். மகளைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: “சின்னவள் ஏழாவது, அவளால் தொல்லை இல்லை, எப்போதும் ஏதோ யோசனையில் இருப்பாள், குடை, டிபன் பாக்ஸ் எல்லாம் தொலைத்துவிட்டு வருவாள்.” ஓடியாடித் தொல்லை தராத, கவனம் மட்டும் நழுவும் பெண்பிள்ளைகளை வீட்டிலும் பள்ளியிலும் யாரும் கவனிப்பதில்லை. பல பேருக்குக் கல்லூரி போன பிறகுதான் தெரியவருகிறது. அவளுக்கும் ஏதோ இருக்கிறது என்று பயப்பட வேண்டாம். அண்ணனை அழைத்து வரும் அன்று அவளையும் கூட்டி வாருங்கள், ஒரு பத்து நிமிடம் பேசிப் பார்க்கிறேன்.

விடுதிப் பள்ளிக்கு இந்த மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும் என்று சொல்கிறார்களாம். கட்டாதீர்கள். விடியலில் எழுப்பி ராத்திரி வரை உட்கார வைக்கும் இடத்தில் இவனுக்குத் தூக்கமும் போகும், மருந்து தொடங்கினால் அதைக் கவனிக்கவும் ஆள் இருக்காது, மனம் உடைந்தால் பக்கத்தில் நீங்களும் இருக்கமாட்டீர்கள். பொதுத்தேர்வு முடிந்து, பரிசோதனை முடிவும் கையில் வந்த பிறகு, அவனையும் உட்கார வைத்து எந்தப் பாடப்பிரிவு, எந்தப் பள்ளி என்று பேசுங்கள். வீட்டிலிருந்து போய்வரக்கூடிய பள்ளியாகப் பார்ப்பது நல்லது.